பட்டையில் பறப்பவரெல்லாம் மாஸ்டர் ஆகிவிட முடியாது

கூரையிலிருந்து தொங்கும் இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மணிக்கட்டை நுழைக்க ஒரு கண்ணி. ‘ஏரியல் ஸ்ட்ராப்ஸ்’ என்கிற சர்க்கஸ் கலைக்கு வேண்டிய கருவி இவ்வளவுதான். டிரபீஸில் இருப்பதுபோல உட்காரக் கட்டை கிடையாது. சில்க்கில் இருப்பதுபோலக் காலில் சுற்றிக்கொள்ள நீளத் துணியும் கிடையாது. பட்டையை மணிக்கட்டில் மாட்டிப் பிடித்துக்கொண்டு கலைஞர் அந்தரத்தில் சுழல்கிறார், உடலைக் கிடைமட்டமாக நிறுத்துகிறார், ஒற்றைக் கையில் தொங்கியபடி மேடையை வட்டமிடுகிறார். சீன வித்தைக்காரர்களிடமிருந்து வந்து, சோவியத் சர்க்கஸில் வளர்ந்து, கனடாவின் சர்க் து சொலேய் மேடைகளில் உலகப் புகழ் பெற்ற கலை இது. அந்நிறுவனத்தின் ‘வரேகாய்’ நிகழ்ச்சியில் ஆதர்டன் என்ற பிரிட்டன் இரட்டையர்கள் ஜோடியாகப் பறந்த காட்சியைக் கைபேசியில் பார்த்து வியந்தவர்கள் இங்கும் இருப்பார்கள். முன்பெல்லாம் கூடாரத்தில் பிறந்தவர்களும் சர்க்கஸ் பள்ளியில் சேர்ந்தவர்களுமே தொட்ட இந்தப் பட்டையை, இன்று மேற்கு நாட்டு நகரங்களில் அலுவலக ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் மாலை வகுப்புகளில் பிடிக்கிறார்கள். கற்பவர்கள் பெருகும்போது கற்பிப்பவர்களும் பெருகியாக வேண்டும். அந்தப் பெருக்கம் நடக்கிற விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. நன்றாக நிகழ்த்துகிறவர் ஒருவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வகுப்பெடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்ட்ராப்ஸ் கற்பிப்பது, நிகழ்த்துவதிலிருந்து வேறான ஒரு தொழில். அதற்குத் தனியான, நீண்ட, மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி மேடை வாழ்க்கை முடிந்த பிறகு தொடங்காமல் அதோடு சேர்ந்தே நடக்க வேண்டும். என் வாதம் இதுதான்.

இந்தக் கலை உடம்பிடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்த்தால் வாதத்தின் அடிப்படை விளங்கும். கயிற்றில் கட்டிய ஓர் எடையைக் கிடைமட்டம்வரை உயர்த்தி விட்டால், அது அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் கயிற்றின் மேல் விழும் இழுவிசை அந்த எடையைப் போல மூன்று மடங்கு. பள்ளிக்கூட இயற்பியல் கணக்கு இது. செங்குத்திலிருந்து 60 பாகைவரை மட்டுமே வீசினால்கூட இரண்டு மடங்கு. ஆக, 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் கையில் தொங்கிப் பெரிதாக வீசும்போது அவருடைய தோளும் முழங்கையும் மணிக்கட்டும் 120 கிலோவிலிருந்து 180 கிலோவரை தாங்குகின்றன, ஒவ்வொரு வீச்சிலும். இதற்கு மேல், ஜிம்னாஸ்டிக்ஸ் வளையத்திலிருந்து வந்த ‘டிஸ்லொகேட்’ என்ற அசைவு இருக்கிறது. தலைகீழாக மடங்கியிருக்கும் உடலைப் பின்புறமாக விரித்து, கைகளைப் பக்கவாட்டில் அகட்டி, தோள் மூட்டை அதன் எல்லைவரை சுழற்றி, மறுபடி நேர்த் தொங்கலுக்கு வருவது அது. ஸ்ட்ராப்ஸ் நிகழ்ச்சிகளில் அடிக்கடி வருகிற அசைவு; பலரும் முதல் ஆண்டிலேயே செய்து பார்க்கத் துடிக்கிற அசைவும் அதுவே. மனித உடலில் மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு தோள். அசைவுக்கு இடம் கொடுப்பதற்காகவே அது உறுதியை விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆழமில்லாத எலும்புக் குழியில் ஒரு பந்து அமர்ந்திருக்க, அதைச் சுற்றியிருக்கும் தசைகளும் தசைநாண்களும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிடிப்பு தயாராவதற்குள் மூட்டைச் சுழற்றினால், சுழற்றுகிறவருக்கு அன்று ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

ஆபத்து என்றவுடன் எல்லோருக்கும் விழுவதுதான் நினைவுக்கு வரும். 2018 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் டாம்பா நகரில், சர்க் து சொலேயின் ‘வோல்டா’ நிகழ்ச்சியில் ஸ்ட்ராப்ஸ் காட்சியின்போது விழுந்து யான் அர்னோ உயிரிழந்தார். அந்நிறுவனத்தில் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் அவர். அனுபவம் மிக்கவருக்கும் அது நேரும் என்பதை அந்த மரணம் உலகத்துக்குக் காட்டியது. அவருடைய பெயரை இந்தத் துறையில் இருப்பவர்கள் மரியாதையோடும் வலியோடும்தான் சொல்கிறார்கள். ஆனால் விழுவது அரிது. அரிதல்லாத இன்னொன்று இருக்கிறது. சர்க் து சொலேயின் ஐந்தாண்டுக் காயப் பதிவுகளை ஆராய்ந்து இயன் ஷ்ரியர் குழுவினர் 2009இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 1,300க்கும் மேற்பட்ட கலைஞர்களிடம் 18,000க்கும் மேற்பட்ட காயங்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. ஒரு காட்சிக்கு மேல் தவறவிட வேண்டிய தேவையே இல்லாதவை. எல்லா வகைச் சர்க்கஸ் கலைகளையும் சேர்த்த கணக்கு இது. இதைப் படித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். என் வாசிப்பு வேறு. அந்தச் சிறு காயங்களெல்லாம் பதிவாகின, கவனிக்கப்பட்டன, அதனால்தான் சிறியவையாகவே நின்றன. குழுவோடு பயணம் செய்யும் பிசியோதெரபிஸ்டும் பயிற்றுநரும் அங்கே இருக்கிறார்கள். மாலை வகுப்புக்கு வருகிறவருக்கு அப்படி யாரும் இல்லை. அவருடைய சிறு காயத்தைக் கவனிக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய மாஸ்டர்தான். விழுந்தால் தாங்குவதற்குத் தரையில் மெத்தை போடலாம். மாதக்கணக்கில் தேயும் தோளுக்கு மெத்தை எதுவும் கிடையாது.

அந்த மாஸ்டருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? தசை சில வாரங்களில் வலுப்பெறும்; தசைநாணும் தசைநாரும் அதைவிட மெதுவாகவே வலுப்பெறும். அதனால் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு மாணவருக்கு ஒரு வித்தையைச் செய்வதற்கான பலம் வந்துவிடும், அதைத் தாங்குவதற்கான மூட்டு வந்திருக்காது. தன்னால் முடிகிறது என்று மாணவர் உண்மையாகவே சொல்கிற அந்தக் கட்டத்தில், இன்னும் இல்லை என்று சொல்லத் தெரிந்திருப்பது மாஸ்டரின் முதல் தகுதி. எதை வைத்து அப்படிச் சொல்வது என்பதில் அவருடைய கல்வி வெளிப்படும். மாணவர் இரண்டு கையில் தொங்கும்போது தோள்பட்டை எலும்பைக் கீழிறக்கி நிறுத்த முடிகிறதா, ஒற்றைக் கைக்கு மாறும்போது விலா எலும்புகள் முன்னால் தள்ளுகின்றனவா, தரையில் கால் படும் உயரத்தில் மெதுவாகச் செய்ய முடியாததை மேலே வேகத்தில் மறைக்கிறாரா, வலது கை 10 முறை செய்வதை இடது கை 4 முறையோடு விட்டுவிடுகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இயல்பாகவே மூட்டுகள் தளர்வாக உள்ளவர்கள் இருப்பார்கள். டிஸ்லொகேட் அவர்களுக்கு முதல் நாளே அழகாக வந்துவிடும்; வகுப்பே கைதட்டும். அவர்களைத்தான் அதிக நாள் தரையில் நிறுத்திப் பலம் ஏற்ற வேண்டும். மணிக்கட்டில் கண்ணியை எந்த இடத்தில் இறுக்குவது, பட்டை புறங்கையின் எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்பவை நூலளவு பிசகினாலும் நரம்பை அழுத்தும். தோல் கன்றிப்போவது இந்தக் கலையில் சகஜம். கட்டைவிரல் மரத்துப்போவது சகஜமல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணி, பழகிவிடும் என்று சொல்கிற மாஸ்டர் மாணவருக்குத் தீங்கு செய்கிறார். தாங்கிப் பிடிப்பதும் அப்படித்தான். கைகள் பின்னால் முறுகியிருக்க, தலைகீழாக இருக்கும் ஒருவரை எங்கே நின்று, இடுப்பின் எந்தப் பகுதியில் ஏந்தினால் தோளின் சுமை குறையும் என்பது, சில்க்கோ டிரபீஸோ கற்பித்துப் பழகியவருக்குக்கூடத் தானாக வந்துவிடாது. மேடைக்குத் தயார்ப்படுத்தும்போது இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஐந்து நிமிடக் காட்சியில் கடினமான வித்தை நான்காவது நிமிடத்தில் வந்தால், அதைச் செய்வது ஓய்ந்துபோன கை. இசை எங்கே உச்சம் தொட்டாலும், மூச்சு வாங்க எங்கே இடம் விடுவது, எந்த வித்தையை முன்னால் கொண்டுவருவது என்று காட்சியைக் கட்டத் தெரிய வேண்டும்.

இவையெல்லாம் நல்ல கலைஞருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தன் உடம்பைப் பொறுத்தவரை தெரியும். பெரும்பாலான ஸ்ட்ராப்ஸ் கலைஞர்கள் சிறுவயதிலிருந்தே ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர்கள். 12 வயதில் அவர்கள் தோள் எப்படித் தயாரானது என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. அவர்கள் முன்னால் வந்து நிற்பவரோ 35 வயதுப் பெண், நாளெல்லாம் கணினி முன் உட்காருகிறவர், ஒரு முறைகூடக் கம்பியில் தொங்கி மேலே எழும்பியிராதவர். தான் கற்ற வழியை அப்படியே அவருக்குக் கொடுத்தால் அது அவர் உடம்புக்கான வழியாக இருக்காது. இந்தக் குருட்டுப்புள்ளி சர்க்கஸுக்கு மட்டும் உரியதல்ல. மிட்செல் நாதன், ஆன்டனி பெட்ரோசினோ என்ற இரு கல்வி ஆய்வாளர்கள், ஆசிரியராகப் பயிற்சி பெறுவோரிடம் நடத்திய ஆய்வை 2003இல் வெளியிட்டார்கள். கணிதத்தில் அதிகம் படித்திருந்தவர்கள், தொடக்கநிலை மாணவருக்குச் சமன்பாடு எளிதாகவும் கதைக் கணக்கு கடினமாகவும் இருக்கும் என்று கணித்தார்கள். மாணவர்களின் உண்மை நிலை அதற்கு நேர்மாறாக இருந்தது. பாடத்தில் மேலே போகப் போக, கீழே இருப்பவருக்கு எது கடினம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. உடல் கலையில் இது இன்னும் கூடுதல், ஏனென்றால் தேர்ந்தவரின் அசைவு நனவின் கட்டுப்பாட்டை விட்டே போயிருக்கும். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் அவர் செய்து காட்டுவார். செய்து காட்டுவதைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும் மாணவர் சிலர் இருப்பார்கள். அவர்களை வைத்து மாஸ்டரின் திறமையை அளக்கிறோம். பிடிக்க முடியாமல் காயத்தோடு வெளியேறியவர்கள் கணக்கில் வருவதில்லை.

சொல்லிக்கொடுக்கும் சொல்லிலேயே வித்தியாசம் இருக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. காப்ரியேலே வுல்ஃபும் சக ஆய்வாளர்களும் 1998இலிருந்து வெளியிட்ட ஆய்வுகள், கற்பவரின் கவனத்தை அவருடைய உடல் உறுப்பின் மேல் திருப்புவதைவிட, அசைவு உண்டாக்கும் விளைவின் மேல் திருப்பினால் கற்றல் மேம்படுகிறது என்று மீண்டும் மீண்டும் காட்டின. தோளைக் கீழே இழு, விலாவை மூடு, முழங்கையைப் பூட்டு என்று ஒரே மூச்சில் மூன்று உறுப்புகளைச் சொல்வதற்குப் பதில், பட்டை இரண்டையும் தரையை நோக்கி அழுத்து என்று ஒன்றைச் சொன்னால் அந்த மூன்றும் சேர்ந்து நடக்கக்கூடும். எந்த மாணவருக்கு எந்தச் சொல் என்பதை ஒருவர் தற்செயலாகக் கண்டுபிடிக்கலாம். பயிற்சி பெற்றவருக்கு அது தற்செயலைச் சார்ந்திருக்காது.

கருவியைப் பற்றிய அறிவு தனி. பட்டை தொங்குகிற புள்ளி, அதைச் சுற்றிய ஸ்லிங் என்ற வார், காரபினர் என்ற பூட்டுக் கொக்கி, முறுக்கு ஏறாமல் சுழலவிடும் ஸ்விவல், மேலே தூக்கும் விஞ்ச் அல்லது எதிர்முனையில் கயிற்றைப் பிடித்து இறங்கும் இன்னொரு மனிதர் என்று ஒரு ஸ்ட்ராப்ஸ் அமைப்பில் பல கண்ணிகள் உண்டு. சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு காரபினர் நீளவாக்கில் ஏறத்தாழ 2,200 கிலோவுக்கு நிகரான விசையைத் தாங்கும்; அதே காரபினர் குறுக்காகத் திரும்பிவிட்டால் தாங்குவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பட்டையின் தையல் எந்த நிலையில் ஓய்வு பெற வேண்டும், கான்கிரீட் கூரையில் பதித்த கொக்கியை யார் சோதித்தார்கள், மாணவர் மேலே மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடத்தில் எப்படி இறக்குவது என்பவற்றுக்கெல்லாம் மாஸ்டரிடம் பதில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் கலைஞருக்கு, கருவியைக் கட்டித் தொங்கவிடும் ரிக்கிங் வேலைக்கென்றே ஒரு குழு இருக்கிறது. மேடையில் அவர் கருவியை நம்பிப் பறக்கப் பழகியவர். வகுப்பறையில் அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு ஏற்கிறவர் அவரே.

தனிப் பயிற்சி என்பது கற்பனைக் கோரிக்கை அல்ல என்பதற்கு இந்தக் கலை செழித்த ஊர்களே சாட்சி. 1927இல் மாஸ்கோவில் அரசு சர்க்கஸ் பள்ளி தொடங்கியபோதே, கூடாரத்துக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த வித்தை, பாடத்திட்டமும் ஆசிரியரும் கொண்ட கல்வியாக மாறத் தொடங்கியது. 1981இல் பிறந்த மாண்ட்ரியால் தேசிய சர்க்கஸ் பள்ளி, சர்க் து சொலேயைவிட மூன்று ஆண்டு மூத்தது. புகழ் பெற்ற நிறுவனத்துக்கு முன்னால் பள்ளி வந்தது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அந்தப் பள்ளி கலைஞர்களுக்கான படிப்போடு பயிற்றுநர்களுக்கான தனிப் படிப்பையும் நடத்துகிறது. அங்கே வான்வித்தை கற்பித்துப் பெயர் பெற்ற ஆந்த்ரே சிமார், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். சர்க்கஸ் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஒலிம்பிக்குக்காக அல்ல, அவர் உருவாக்கிய மாணவர்களுக்காகவும் காட்சிகளுக்காகவும்தான். பிரான்ஸில் சர்க்கஸ் ஆசிரியருக்கென்று அரசுப் பட்டயமே இருக்கிறது. 1998இல் அமைந்த ஐரோப்பியத் தொழில்முறைச் சர்க்கஸ் பள்ளிகளின் கூட்டமைப்பு, ஆசிரியர்களுக்காகக் கற்பித்தல் கையேடுகளை வெளியிட்டிருக்கிறது. கலைஞரை உருவாக்குவதில் முன்னணியில் இருப்பவர்களே ஆசிரியரைத் தனியாக உருவாக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கும்போது, ஒரு நகரத்து மாலை வகுப்பு அதைத் தாண்டிச் செல்ல முடியும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது மரபைச் சார்ந்தது. சர்க்கஸ் குடும்பங்கள் எந்தச் சான்றிதழும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்களை உருவாக்கவில்லையா என்கிறார்கள். உருவாக்கின, உண்மை. ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். கூடாரத்தில் மாஸ்டரும் மாணவரும் ஒரே இடத்தில் உண்டு உறங்கினார்கள். மாணவரின் தோள் நேற்று வலித்தது மாஸ்டருக்குத் தெரியும். மூத்த மாணவர் இளையவரைப் பிடித்துக்கொடுத்துப் பழகி, ஆண்டுக்கணக்கில் மாஸ்டரின் கண் முன்னால் கற்பித்து, பிறகே தானும் மாஸ்டர் ஆனார். காகிதம் இல்லாவிட்டாலும் அது நீண்ட ஆசிரியப் பயிற்சிதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வரும் மாணவரையும், போன மாதம்வரை மாணவராக இருந்த பயிற்றுநரையும் அந்த மரபின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. இந்தியச் சர்க்கஸின் வரலாறும் இதையே சொல்கிறது. 1901இல் தலச்சேரியில் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தொடங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அடிப்படையில் ஓர் ஆசிரியர். உடற்பயிற்சியும் களரியும் கற்பித்தவர். நாட்டின் பல சர்க்கஸ் கம்பெனிகளுக்கு விதை போட்டது ஒரு நட்சத்திரக் கலைஞர் அல்ல, ஒரு பள்ளி வாத்தியார். நம் பரதநாட்டிய மரபிலும் கற்பித்தல் தனித் தொழிலாகவே இருந்தது. ருக்மிணி தேவிக்கும் ராம் கோபாலுக்கும் குருவான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, மேடையில் ஆடிப் பெயர் வாங்கியவரல்ல. நட்டுவனாராகவே பயிற்சி பெற்று, நட்டுவனாராகவே வாழ்ந்தவர். இன்னொன்றும் மாறிவிட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்குத் தடை விதித்தது. முற்றிலும் சரியான தீர்ப்பு. அதனால் கூடாரத்துக் குழந்தை என்ற பழைய மாணவர் இனி இல்லை. இனி வருகிறவர் வளர்ந்து முடிந்த உடம்போடு வருகிறார். குழந்தைக்குக் கற்பித்த முறை அவருக்குப் பொருந்தாது.

சான்றிதழ் என்பது வெறும் காகிதம், சனி ஞாயிறு இரண்டு நாளில் பணம் கட்டி வாங்கிவிடலாம் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதியை நான் ஏற்கிறேன். இரண்டு நாளில் கிடைக்கும் சான்றிதழ், சான்றிதழே இல்லாததைவிட மோசமானது. அது மாணவருக்குப் பொய்யான தைரியம் கொடுக்கிறது. ஆனால் மோசமான சான்றிதழுக்கு மாற்று நல்ல பயிற்சிதான். அது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். கற்க வருகிறவர் தொடக்கநிலை வித்தைகளைத் தானே சுத்தமாகச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். பட்டையில் தொங்கியே பார்க்காதவர் அதைக் கற்பிக்கக் கூடாது. அங்கிருந்து, குறைந்தது ஓர் ஆண்டாவது ஒரு மூத்த மாஸ்டரின் வகுப்பில் துணையாக நிற்க வேண்டும். வெவ்வேறு வயது, வெவ்வேறு உடல்வாகு உள்ளவர்களைக் கையால் பிடித்துக் கற்பிக்க வேண்டும், அதை மூத்தவர் பார்த்துத் திருத்த வேண்டும். உடற்கூறு, முதலுதவி, ரிக்கிங் ஆகியவற்றை அந்தந்தத் துறை ஆட்களிடம் படிக்க வேண்டும். இறுதித் தேர்வு அவர் என்ன வித்தை செய்கிறார் என்பதில் இருக்கக் கூடாது. முன்பின் தெரியாத ஒரு மாணவரை அவர் முன் நிறுத்தி, இவரை இன்று எதுவரை கொண்டுபோவீர்கள், எங்கே நிறுத்துவீர்கள், ஏன் என்று கேட்க வேண்டும்.

செலவும் நேரமும் பற்றிய மறுப்பு நியாயமானது, அதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை. வான்வித்தைக் கலைஞர்களில் பெரும்பாலோர் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கூலி வாங்குகிறவர்கள். அவர்களுக்கு வகுப்பெடுப்பதுதான் வாடகை கட்டும் வழி. ஓர் ஆண்டு துணையாக நில் என்று சொன்னால் அந்த ஓர் ஆண்டு எப்படிச் சாப்பிடுவது? கற்பித்தலில் நேரம் போனால் தன் பயிற்சி கெடும் என்ற பயமும் உண்மையானது. அதனால்தான் கற்பித்தல் பயிற்சியை மேடை வாழ்க்கைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்கிறேன். இன்றைய வழக்கத்தில் ஒரு கலைஞர் தோள் போன பிறகு கற்பிக்க வருகிறார். அப்போது அவருக்குச் செய்து காட்டவும் முடியாது, சொல்லிக்கொடுக்கவும் பழக்கமில்லை, வருமானமோ உடனே வேண்டும். இருபது வயதில் தன் பயிற்சியோடு வாரத்தில் சில மணி நேரம் துணை மாஸ்டராக நின்றிருந்தால், பத்து ஆண்டில் அவர் முழு ஆசிரியர். அந்த மணி நேரங்களுக்குக் கூடத்தின் உரிமையாளர் ஊதியம் தர வேண்டும். மாணவர் கட்டணத்தில் சிறிது கூடினாலும் அது சரியான செலவு. கற்பிப்பது கலைஞரின் நிகழ்த்துதலுக்கும் உதவுகிறது. அடுத்தவரின் தோளில் கோணலைத் தினமும் தேடுகிற கண், தன் காணொளியைப் பார்க்கும்போதும் அதைத் தவறவிடாது. தன் காயம் எங்கிருந்து தொடங்கியது என்று கண்டுபிடிக்கிற கலைஞரின் மேடை ஆயுள் நீளும்.

விதிமுறை வந்தால் சுதந்திரமான கலை செத்துவிடும் என்றும் ஒரு குரல் உண்டு. படைப்பில் எவரும் தலையிட வேண்டாம். பட்டையில் என்ன கதை சொல்வது, எந்த இசைக்கு ஆடுவது என்பது கலைஞரின் உரிமை. அடுத்தவரின் மூட்டை எவ்வளவு சுழற்றலாம் என்பது படைப்புச் சுதந்திரத்துக்குள் வராது.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் ஏரியல் யோகா வகுப்புகளும் சில்க் வகுப்புகளும் வந்துவிட்டன. கயிறு மல்லர் கம்பம் என்ற உறவுக் கலை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விழுப்புரத்துப் பிள்ளைகள் கம்பத்திலும் கயிற்றிலும் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை என்பது தெரியும். கேரள அரசு 2010இல் தலச்சேரியில் திறந்த சர்க்கஸ் அகாடமி சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது ஒரு பெரிய இழப்பு. ஆனால் விளையாட்டில், பயிற்றுநரைத் தனியாக உருவாக்க வேண்டும் என்ற கொள்கையை நாம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் (என்ஐஎஸ்) தொடங்கியதே பயிற்சியாளர்களை உருவாக்கத்தான். தேசிய அளவில் ஆடியவர்களும் பயிற்சியாளராக வேண்டுமென்றால் என்ஐஎஸ் பட்டயம் படிக்கப் போகிறார்கள். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்களும் மல்லர் கம்ப மாஸ்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் ஒன்றாக உட்கார்ந்தால், வான்வித்தை கற்பிப்பவர்களுக்கான ஓராண்டுப் பாடத்திட்டத்தை வகுப்பது முடியாத காரியமல்ல. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதற்கு முன்கை எடுக்க வேண்டும்.

அதுவரை பொறுப்பு கற்க வருகிறவர்களிடமும் பெற்றோரிடமும் இருக்கிறது. பட்டையோ துணியோ கயிறோ, வகுப்பில் சேரும் முன் மாஸ்டரின் காணொளிகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் யாரிடம் கற்பிக்கப் பழகினீர்கள், எத்தனை நாள் துணையாக நின்றீர்கள், இந்தக் கொக்கியைக் கடைசியாகச் சோதித்தது யார் என்று கேளுங்கள். தெளிவான பதில் சொல்பவரிடம் பிள்ளையைச் சேருங்கள். கேள்வியையே அவமதிப்பாக எடுத்துக்கொள்பவரிடம் சேர்க்காதீர்கள்.